பாலத்தில் நிற்கும் கார்

ரிட்டையரான சாரங்கபாணி, மெக்கானிக் பேச்சைக் கேட்காமல், தன் பழைய பத்மினி காருக்கு வேறொரு காரின் கார்புரேட்டரைத் தானே மாட்டினார். அதில் பெட்ரோல் நுழையும் வாய் எதிர்ப்பக்கம் இருந்ததால், அதற்கான டியூபைச் சூடேறும் சைலன்சர் குழாயை ஒட்டி இழுத்துவிட்டார். வெயிலில் பெட்ரோல் டியூபுக்குள்ளேயே ஆவியாகி, கார் காவிரிப் பாலத்தில் நின்றுவிடும். மனைவி ஹம்ஸா ஈரத்துண்டை டியூபில் சுற்றுவாள். சூடு ஆறும்வரை இருவரும் ஆற்றைப் பார்த்தபடி கதை பேசுவார்கள். வீட்டில் அவ்வளவு பேச வாய்க்காது.

ஒருநாள் டியூபைச் சூடு படாத பக்கமாக மாற்றினார். கார் ஒரே மூச்சில் பாலத்தைத் தாண்டியது. மடியில் ஈரத்துண்டோடு இருந்த ஹம்ஸாவின் முகம் சுண்டிப்போயிற்று.

திரும்பும்போது, பாலத்தின் நடுவே அவர் இன்ஜினை அணைத்தார்.

“ஏன்னா, நின்னுடுத்தா?”

“ஆமாம், சூடாயிடுத்து.”

சாவி அவர் கையில் இருந்தது. ஹம்ஸா அதைப் பார்த்துவிட்டாள். ஈரத்துண்டோடு இறங்கினாள்.