அசையாமல் நிக்கச் சொன்ன மெசின்

கடல்ல கையைத் தூக்கி நிக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு. சண்டைக் காலத்தில நேவிப் படகு கிட்ட வந்தா, சேட்டைக் கழட்டி, ரெண்டு கையையும் தூக்கி, மெதுவா ஒரு சுத்து சுத்திக் காட்டவேணும். இடுப்பில குண்டு கட்டயில்லை எண்டு அவங்களுக்குத் தெரியவேணும். எனக்கும் தம்பிக்கும் அது பழக்கம். நேவி எங்களை மறிச்ச அண்டைக்கு வள்ளத்தில கூட இருந்த மச்சானுக்கு அது தெரியாது. அவன் தோட்டவெளியில கூலிக்கு வேலி அடைக்கிறவன், நண்டுக்கறி எண்டா உயிரை விடுவான், அண்டைக்குத்தான் முதல்முதலா எங்களோட கடலுக்கு வந்தவன். கையைத் தூக்கினபடி விறைச்சுப்போய் நிண்டான். கழுத்தில சுட்டாங்கள். வெடிச் சத்தம் கேட்டும் நானும் தம்பியும் சுத்துறதை நிப்பாட்டேல்லை. பிறகு வள்ளத்துக்குள்ள குதிச்ச ஒருத்தன், மச்சான்ர ரத்தம் பட்ட கையாலயே பின்னால நிண்டு என்ர இடுப்பைத் தடவினவன்.

அந்தத் தம்பிதான் போன வருசம் பிரான்சில ஈரல் பழுதாகிச் சாகக் கிடந்தவன். அண்ணை வரட்டும், அண்ணை வரட்டும் எண்டு மூச்சைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறான் எண்டு கேள்விப்பட்டு, மகள் எனக்கு டிக்கெட் போட்டுத் தந்தவள். இடையில ஒரு நாட்டில இறங்கிப் பிளேன் மாறவேணும். அங்கதான் ஆக்களை உள்ள நிக்கவிட்டு உடம்பைச் சோதிக்கிற அந்த மெசின். சவ வண்டிக் கண்ணாடிக் கூட்டை நிமித்தி வைச்ச மாதிரி.

எனக்குப் பின்னால ஒரு தமிழ்ப் பிள்ளை நிண்டவள். உந்தக் கதிர் பட்டா புத்துநோய் வருமாமே எண்டு கேட்டன். இது எக்ஸ்ரே மாதிரி இல்லை, பயப்பிடாதேங்கோ எண்டாள். போனன். கையைத் தூக்கினன். சுத்தினன். மெசின் கத்திச்சு. அசையாம நில்லெண்டு கையால காட்டி, திருப்பி நிக்க விட்டாங்கள். திருப்பியும் சுத்தினன். வரிசையில ஆக்கள் சிரிச்சவை.

"ஐயா, மெசின் வேண்டாமெண்டா கையால பாக்கச் சொல்லலாம், அது உங்கட உரிமை" எண்டாள் அந்தப் பிள்ளை.

கை எண்டா மனுசன்ர கைதானே எண்டு ஓமெண்டிட்டன். ஒரு அறைக்குள்ள கொண்டுபோனாங்கள். கையுறை போட்ட பொடியன் ஒருத்தன் தன்ர பாஷையில ஏதோ சொல்லிப்போட்டு, பின்னால நிண்டு இடுப்பில கையை வைச்சான். திரும்பி முழங்கையால அடிச்சன். அவன்ர மூக்கு உடைஞ்ச சத்தம் எனக்குக் கேட்டது. வெள்ளைச் சேட்டெல்லாம் ரத்தம். ரெண்டு பேர் ஓடிவந்து என்னை நிலத்தில முகம் குப்புற அமத்தி, முதுகில முழங்காலை வைச்சு ஏறினாங்கள். முன்பல்லு ஒண்டு நிலத்திலயே போச்சு.

அவன் தன்ர வேலையைத்தான் செய்தவன். குண்டோட ஏறுறவனும் உலகத்தில இருக்கிறான்தானே. ஆனா தொட முதல், எனக்கு விளங்கிற பாஷையில ஒருக்காச் சொல்லியிருக்கலாம்.

பிளேன் போயிட்டுது. விடிஞ்சாப்போலதான் விட்டாங்கள். உடன தம்பிக்குப் போன் எடுத்து, இழுத்துப் பறிச்சு நடந்ததைச் சொன்னன்.

"கூட்டுக்குள்ள சுத்தினனீங்களோ அண்ணை?"

"ஓம்."

"நானும் முதல்தரம் சுத்தினனான்" எண்டான். சிரிச்சவன் எண்டுதான் நினைக்கிறன். இருமல் வந்து அமத்திப்போட்டுது.

நான் போய்ச் சேரேக்க அவனைப் பெட்டியில வைச்சிட்டினம். கோட்டுப் போட்டு, கழுத்துப்பட்டியும் கட்டி. சேட்டில்லாமத்தான் நான் அவனைக் கனக்கப் பாத்திருக்கிறன்.