மாமியின் தேனீப் பெட்டி

சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டு வளவுக்குத் தேனீப் பெட்டி வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அதைக் கேட்டு வாங்கியவர் என் தகப்பனாரான ஐயாவின் தங்கை, என் மாமி. இளவயதில் கணவனை இழந்து எங்களோடு இருந்தவர். ஐயாவுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பந்தம் கொளுத்திப் பொந்துக்குள் நீட்டி, தேன் நிறைந்த வதையைப் பிய்த்துப் பிழிவதுதான். இந்தப் பெட்டிக்குள்ளோ மரச்சட்டங்கள் இருந்தன. பூச்சி சாகாமல், வதை உடையாமல் தேன் எடுக்கலாமாம்.

விவசாயப் போதனாசிரியர் வந்து, இலுப்பை மரப் பொந்திலிருந்த தேனீக் கூட்டத்தைப் பெட்டிக்கு மாற்றி வேப்பமரத்தடியில் வைத்தார்.

"பத்து நாளைக்கு மூடியைத் தொடக்கூடாது. குழப்பினால் எழும்பிப் போயிடும்."

அயலில் தோட்டம் செய்கிறவர்கள் நாலைந்து பேர் வேலியோரம் நின்று பார்த்தார்கள். மாமியின் பெட்டி சரிவந்தால் தாங்களும் வாங்குவதாகச் சொன்னார்கள்.

பத்து நாள்! எனக்குப் பத்து நிமிடமே பொறுக்கவில்லை. வகுப்பிலும் காதுக்குள் அந்த இரைச்சல்தான். ராணித் தேனீ எப்படியிருக்கும்? தலையில் கிரீடம் வைத்திருக்குமா? மாமி தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்து மூடியைத் தூக்கினேன். மறுநாளும் தூக்கினேன். நாலாம் நாள் கண்ணுக்குக் கீழே ஒன்று கொட்டியது.

மாமி சுண்ணாம்பு தடவினார். "என்ன கடிச்சது?"

"எறும்பு."

என் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். "உந்த எறும்பை இனிப் போய்ப் பாராதை."

அடுத்த நாளும் போனேன்.

ஏழாம் நாள் காலை கூட்டம் எழும்பிவிட்டது. வேம்புக்கு மேலே ஒருமுறை சுழன்று, பனைகளைத் தாண்டி மறைந்தது. சத்தம் கேட்டு அயலவர் கூடிவிட்டார்கள்.

"நான் அப்பவே சொன்னனான், பெட்டியிலை பூச்சி நிக்காது எண்டு," என்றார் ஐயா. எல்லோரும் தலையாட்டினார்கள்.  மூடியைத் திறந்தது நான்தான் என்று சொல்லிவிட வாயைத் திறந்தேன். அதற்குள் மாமி முந்திக்கொண்டார்.

"பெட்டியிலை ஒரு பிழையும் இல்லை, அண்ணை. நான்தான் ஆசையிலை நெடுகத் திறந்து பார்த்தனான்."

ஐயா எல்லோர் முன்னிலையிலும் சிரித்தார். "உனக்கு உது சரிவராது. பொறுமையான ஆளிட்டைக் குடுப்பம்."

 அடுத்த கிழமை பின்வேலிக்கு அப்பால் இருந்தவர் பெட்டியைத் தூக்கிப் போனார். அவரிடம் புதுக் கூட்டம் நின்றது, தேனும் வந்தது. மறுவருடம் நாலைந்து வளவுகளில் பெட்டிகள் இருந்தன. எங்கள் வளவில் மட்டும் இல்லை.

பெட்டி போன அன்று, இனி அகப்படுவேன் என்ற பயமில்லை என்று முற்றமெல்லாம் துள்ளித் திரிந்தேன். மத்தியானம் மாமி சாப்பிட வரவில்லை. பல்லு நோகுதாம். ஓடிப்போய்க் குசினியிலிருந்து ஒரு கராம்பு எடுத்துவந்து கொடுத்தேன். வாங்கிக் கடித்துக்கொண்டார்.

"நோ குறைஞ்சிட்டுதோ, மாமி?"

"ஓம்," என்றார். நானும் விளையாடப் போய்விட்டேன்.