களி போட்டாளாம், அதனால் சம்மதமாம்

இருநூறு மீட்டர். பிப்ரவரி 3 அன்று லைசனை ஜாமீனில் விட்டபோது, அவனுக்கும் அவன் மனைவி ஃபலேசிக்கும் நடுவே நீதிமன்றம் வைத்த தூரம் அது. அதைத் தாண்டி நெருங்கினால் ஜாமீன் ரத்து என்று தாளில் எழுதியிருந்தது. பத்தொன்பதாம் நாள் பட்டப்பகலில் அவன் அவள் முற்றத்தில் உட்கார்ந்து களி தின்றான்.

ஃபலேசிக்கு முப்பத்து மூன்று வயது. முலாஞ்சி மலையடிவாரத்தில் தேயிலை பறிக்கிறாள். ஜனவரியில் லைசன் மண்வெட்டிக் காம்பால் இடது மணிக்கட்டை உடைத்ததிலிருந்து ஒற்றைக் கையால் பறிக்கிறாள்.

அன்று அவன் தனியாக வரவில்லை. தாய்மாமன் ஜோஃபெசியைக் கூட்டி வந்தான். கல்யாணத்தின்போது அவன் வீட்டுக்கு அன்கொஸ்வேயாக நின்றவர் ஜோஃபெசி. அவள் வீட்டுக்கு நின்றவன் அண்ணன் மத்தியாசி. தம்பதிக்குள் எது முறிந்தாலும் பேசித் தீர்க்க வேண்டியவர்கள் இந்த இருவர். அப்படி ஒருவர் வாசலில் வந்து நின்றால் துரத்த முடியாது. ஃபலேசி பாய் விரித்தாள். கைகழுவத் தண்ணீர் ஊற்றினாள். பானைக்குக் கல்லால் முட்டுக்கொடுத்து ஒற்றைக் கையால் களி கிண்டினாள்.

"பரவால்லையே, ஒத்தக் கையிலயே நல்லாக் கிண்டுற," என்று சிரித்தான் லைசன். "அந்தக் கையாவது மிஞ்சணும்னா கேஸ வாபஸ் வாங்கு."

ஜோஃபெசி தட்டைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

மறுநாள் அவள் காவல் நிலையம் போனாள். "மறுபடி அடிச்சானா?" என்று கேட்டார் காவலர்.

"இல்ல."

"அப்புறம் என்னம்மா? போய்ப் புள்ளைங்களப் பாரு."

மூன்று முறை நிலையத்துக்கு நடந்த பிறகுதான் ஜாமீனை ரத்து செய்யக் கோரும் மனு நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே லைசனின் வக்கீல் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"பாய் விரிச்சீங்களா?"

"விரிச்சேன்."

"களி?"

"போட்டேன்."

"தொட்டுக்க?"

"பீன்ஸ்."

கூட்டம் சிரித்தது. வக்கீலும் சிரித்தார். "ஐயா, இது சமாதான விருந்து. கூப்பிட்டு உக்கார வெச்சிருக்காங்க. ஒரு அடிகூட விழல. எதுக்கு ரத்து?"

நீதிபதி தயங்கினார். ஃபலேசி கூண்டுக் கம்பியைப் பிடித்தாள்.

"ஐயா, உங்க வீட்டுப் பொண்ணுக்குச் சண்டைன்னா, மாப்பிள்ளை வீட்டு அன்கொஸ்வே மொதல்ல எங்க போவாரு?"

"எங்க அன்கொஸ்வே வீட்டுக்கு."

"எங்க அண்ணன் வீடு இவங்க வந்த வழியிலதான் இருக்கு. கதவத் தட்டல. ஏன்னு மாமாவக் கேளுங்க. அவன் மறுபடி அடிச்சாத்தான் ரத்துன்னா, அந்த உத்தரவ என் குழி மேல நின்னுதான் படிக்கணும்."

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஜோஃபெசி எழுந்து நின்றார்.

"தட்டலாம்னுதான் சொன்னேன். லைசன் வேணாம்னான்."

"ஏன்?" என்றார் நீதிபதி.

"மத்தியாசி கூட உக்காந்தா அவ பயப்பட மாட்டான்னான்."

நீதிபதி ஜாமீனை ரத்து செய்தார். நல்லது. ஆனால் அதற்கு இவ்வளவு எதற்கு? நெருங்காதே என்று உத்தரவிட்டது நீதிமன்றம். நெருங்கியதை அவனுடைய வக்கீலே மறுக்கவில்லை. விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். நிபந்தனை லைசனுக்கா, பாய் விரித்தவளுக்கா? மிரட்ட வந்தவனிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. உடைந்த கையோடு நின்றவளிடம் பீன்ஸ் வரைக்கும் கேட்டார்கள். ஜோஃபெசி அன்று ஒரு பொய் சொல்லியிருந்தால் லைசன் அவளுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்திருப்பான்.

அவனை அங்கேயே காவலில் எடுத்தார்கள். மணிக்கட்டை உடைத்த வழக்கின் விசாரணை ஏப்ரல் 16 அன்று தொடங்குகிறது. முதல் சாட்சி ஃபலேசி.