மண் பையோடு வருகிறவர்கள்

மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை என்றால், சண்டை சச்சரவு இல்லாத பிழைப்பு என்று ஊரே நினைக்கிறது. ரிப்போர்ட்டையும் கொடுத்து, அதற்குச் சமாதானமும் சொல்கிற வேலையில் இருக்கிறவர்களுக்கு என் கஷ்டம் புரியும். எங்கள் கூடம் சேலம் சூரமங்கலத்தில்.

முன்வாசல் மண்

மரவள்ளிக் கொழுந்து வெளுக்கிறது என்று வெண்ணந்தூரிலிருந்து ஒருவர் மண் கொண்டுவந்தார். சோதித்தால் இரும்பு, துத்தநாகம் எதற்கும் குறைவில்லை. சந்தேகப்பட்டு நேரில் போனேன். பயிர் வெளுத்த இடமெல்லாம் சுண்ணாம்புக் கல். அப்படிப்பட்ட மண்ணில் இரும்பு இருந்தாலும் வேருக்கு எட்டாது. அவர் கொண்டுவந்ததோ மரவள்ளிக் காட்டின் மறுகோடியில், எருக்குழி ஓரத்தில் அள்ளிய செம்மண்.

"வெளுத்த இடத்து மண்ணைத்தானே கேட்டோம்?" என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "ஏனுங்கம்மிணி, ஊட்டுக்கு ஒரம்பரை வந்தா முன்வாசலைக் காட்டுவமா, பின்கட்டைக் காட்டுவமா?"

ஒரே காடு, ரெண்டு பேர்

மோகனூர்க் கரும்பு விவசாயி ஒருவர் எங்களுக்கே பரீட்சை வைத்தார். ஒரே கரும்புக் காட்டு மண்ணை இரண்டு பையில் கட்டி, ஒன்றில் தன் பேரும் மற்றதில் மனைவி பேரும் எழுதிக் கொடுத்தார். இரண்டுக்கும் மாங்கனீசும் துத்தநாகமும் வேறு வேறாக வரவே, மனைவியையும் கூட்டிக்கொண்டு சண்டைக்கு வந்துவிட்டார்.

எங்கெங்கே அள்ளினீர்கள் என்று கேட்டேன். ஒரு பை ஆற்றோர வண்டல், இன்னொன்று மேட்டுச் சரளை. வண்டல் காவிரி கொண்டுவந்து போட்டது, சரளை அங்கேயே பாறை உடைந்து உண்டானது, இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று விளக்கினேன். அவர் மசியவில்லை. கூட வந்த அந்த அம்மா புருசனைப் பார்த்துச் சொன்னார்: "ஒரே ஊட்டுல இருக்கற நாமளே ஒத்துப்போறதில்லை, உடுங்க சாமி."

தாய்மாமன் கோபம்

சேலத்தில் வெள்ளைக்கல் வெட்டுகிற மலையடிவாரத்தில் ஒருவருக்குத் தோட்டம். பக்கத்திலேயே தங்கை புருசனின் சாயப்பட்டறை. தோட்டத்து மண்ணில் குரோமியம் அதிகம் என்று எங்கள் ரிப்போர்ட் சொன்னதும், பட்டறைத் தண்ணீர்தான் காரணம் என்று முடிவுகட்டிப் பேச்சை நிறுத்திவிட்டார். தங்கை மகளுக்குக் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. தாய்மாமன் சீர் செய்ய வர மாட்டேன் என்கிறார் என்று அந்தத் தங்கை என்னிடம் வந்து அழுதார். என் ரிப்போர்ட்டால் வந்த வினை.

மறுபடி போய், பட்டறைக்குக் கீழே, மேலே, யாரும் உழாத பாறைக் கரட்டின் அடியில் என்று மூன்று இடத்தில் மண் எடுத்தேன். கரட்டு மண்ணில்தான் குரோமியம் எல்லாவற்றையும்விட அதிகம், கூடவே நிக்கலும். அங்கே பட்டறைத் தண்ணீர் ஏறவே முடியாது. அந்தப் பாறையிலேயே இரண்டும் உண்டு, பாறை மண்ணானபோது மண்ணோடு தங்கிவிட்டன. கிணற்றுத் தண்ணீரையும் சோதித்தோம், அதில் குரோமியம் அளவை மீறவில்லை.

மாமனையும் மச்சானையும் நிற்க வைத்துச் சொன்னேன். அண்ணன்காரர் கரட்டை வெகுநேரம் முறைத்துவிட்டு, தங்கை புருசன் பக்கம் திரும்பினார். "தப்பு அந்தக் கரட்டோடது மாப்ள. சரி, சீருக்கு நான் எத்தன மணிக்கு வரோணும்?"

மொத்தத்தில், மண்ணைச் சோதிக்க ஒரு மிஷின் போதும், மண்ணுக்குச் சொந்தக்காரரைச் சமாதானப்படுத்தத்தான் எனக்குச் சம்பளம்.