இரண்டாம் பாதி போன இடம்

என் அண்ணி பஸ் நிலையத்தில் டைம்கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று மைக்கில் சொல்கிறவர். வீட்டிலும் அதே அதிகாரம்தான். அதற்கு அடங்காதவர் அண்ணன் ஒருவர்தான். அவர் பாட்டுக்குப் புத்தகமாக வாங்கி அடுக்கிக்கொண்டே போனார். கூடம், படுக்கையறை, சமையலறைப் பரண் என்று எங்கும் புத்தகம். அவர் காலமான பிறகு மகள் வீட்டோடு போய்விட அண்ணி முடிவு செய்தார். அங்கே ஆள் படுக்கவே இடம் போதாது.

நூலகத்தில் இடமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். பழைய பேப்பர்காரர் தராசோடு வாசலில் வந்து நின்றார்.

"போட்டுடலாம் அண்ணி. வேற யாரு எடுத்துக்குவாங்க?" என்றேன்.

"உங்க அண்ணன் வாங்குனது ஒண்ணுகூட எடைக்குப் போகாது தம்பி. ஜனங்க நிக்கிற இடத்துக்குத்தான் வண்டி போகணும். ஆளுங்க எங்க சும்மா காத்துக்கிட்டு இருக்காங்களோ, அங்க புத்தகம் போகட்டும்."

அண்ணி திட்டம் போட்டார். மூட்டை தூக்கியது நான். சலூனுக்குச் சிறுகதைகள். பைக் மெக்கானிக் கடை பெஞ்சுக்குத் துப்பறியும் கதைகள். பல் டாக்டர் வீட்டு வராந்தாவுக்கு நகைச்சுவை.

"பல்வலிக்காரன் எங்க அண்ணி சிரிக்கப் போறான்?"

"உள்ள போறதுக்குள்ள சிரிச்சுக்கட்டும்."

ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பகுதிக்கு ஒல்லிப் புத்தகங்கள் மட்டும். ஒரு கையில் ஊசி ஏற்றி மணிக்கணக்கில் படுத்திருப்பவர்கள் மறு கையால் பிடிக்க வேண்டுமே. இது எனக்குத் தோன்றியிருக்காது. அதற்கப்புறம் கிண்டல் செய்வதை நிறுத்திக்கொண்டேன்.

தனக்கென்று அண்ணி ஒன்றே ஒன்றைத்தான் ஒதுக்கி வைத்திருந்தார். அண்ணன் படுத்த படுக்கையாக இருந்தபோது அவருக்கு வாசித்துக் காட்டிய நாவல். காணாமல் போன அண்ணனைத் தேடித் தங்கை கப்பலேறுகிற கதை. குண்டுப் புத்தகங்களை இரண்டாகப் பிரித்து அட்டை போட்டுக்கொள்வது அண்ணனின் வழக்கம். படுத்துக்கொண்டு படிக்க வசதி. முதல் பாதியை அண்ணி வாசித்து முடித்தார். இரண்டாம் பாதியைத் தொடங்குவதற்குள் அண்ணன் போய்விட்டார். அந்த நாவலுக்கு முன் புத்தகத்தையே தொடாத அண்ணி, மீதியைப் படித்தே தீர்வது என்று இருந்தார்.

வீடு காலியானது. சாவி கொடுக்கும் முன் பையைத் திறந்து பார்த்தார். முதல் பாதி மட்டும் இருந்தது. மற்றது வெறும் பழுப்பு அட்டை, மேலே பெயர் கிடையாது, ஒல்லி வேறு. ஒல்லிகளோடு கிளம்பிவிட்டது.

அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டார். "நானே வண்டி ஏத்தி அனுப்பிட்டேனே தம்பி" என்றபோது குரல் உடைந்தது. அடுத்த நிமிஷமே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கிளம்பு, எங்க போயிருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார்.

டயாலிசிஸ் பகுதியில், ஜன்னலோரக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர். கையில் அந்தப் பழுப்பு அட்டை. எங்கள் பார்வை அதன் மேலேயே இருப்பதைக் கவனித்துவிட்டார்.

"இது நீங்க வெச்சதாம்மா? மொட்டையா நடுவுல ஆரம்பிக்குது. அந்தப் பொண்ணு எதுக்குக் கப்பல்ல போகுதுன்னே புரியல. ஆனா கீழ வைக்க மனசு வரல."

வாங்கிக்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன். அண்ணி என் கையைத் தட்டிவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவ அண்ணனைத் தேடிப் போறா" என்றபடி பையிலிருந்து முதல் பாதியை எடுத்தார். "நான் இதைப் படிச்சுக் காட்டறேன். முடிஞ்சதும் நீங்க அதை எனக்குப் படிச்சுக் காட்டணும். சரியா?"

"வாரத்துல மூணு நாள் நான் இங்கதாம்மா."

"டியூட்டி முடிஞ்சு வந்துடறேன்."

முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். அண்ணனுக்கு வாசித்த அதே குரல், மைக்கில் வண்டி நேரம் சொல்கிற குரல். பக்கத்துக் கட்டில்காரர் தன் புத்தகத்தை மூடிவிட்டு எங்கள் பக்கம் திரும்பிப் படுத்தார்.