தாரை வார்க்காத கை

தும்மியதற்காக நவமணி முதன்முதலில் அடி வாங்கியபோது அவளுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதுகூட ஆகவில்லை. சுங்காய் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். விடிவதற்கு முன் பால் வெட்டக் கிளம்பிய அப்பா வாசலைத் தாண்டும் நேரம் பார்த்து அவள் தும்மிவிட்டாள். அபசகுனம் என்று அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். சற்றுப் பொறுத்துத்தான் மறுபடி கிளம்பினார். அதற்குள் களத்தில் பேர் கூப்பிட்டு முடிந்திருந்தது. அன்று வேலை இல்லை என்று, ஆள் கணக்கு எழுதும் கிராணி திருப்பி அனுப்பிவிட்டார். அந்தக் கோபம் மகளின் முதுகில் இறங்கியது.

அன்று தொடங்கிய பழி அது. சொந்தத்தில் யாரையாவது பெண் பார்க்க வந்தால் அவளைப் பின்கட்டில் வைப்பார்கள். புதுமனை புகுவிழாவுக்குச் சொல்லும்போது, "மணி, நீ கொஞ்சம் லேட்டா வா" என்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே லேட்டாகப் போவாள். சிரித்ததால் அவளுக்கு வலிக்கவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

லாரி ஓட்டும் சதாசிவத்தைக் கட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தாள். புந்தோங்கில் அடுக்குமாடி வீடு. ஒரே மகள் புனிதா. பழைய டவுனில் ஒரு சின்ன ஹோட்டலில் நவமணிக்கு வேலை. அறை அறையாகப் போய்ப் போர்வையை உதறுவது, தலையணை உறையை மாற்றுவது, மெத்தையைப் புரட்டுவது. காலையில் முதல் போர்வையை உதறியதும் மூக்குக்குள் எறும்பு ஊரத் தொடங்கும். அப்புறம் வரிசையாகத் தும்மல். கோவிட் காலத்தில் லிஃப்டில் ஒருமுறை தும்மிவிட்டாள் என்று விருந்தாளிகள் புகார் சொன்னார்கள். மேனேஜர் நல்லவர், வேலையை விட்டு நிறுத்தவில்லை. யார் கண்ணிலும் படாமல் இருக்கட்டும் என்று பின்னால் அழுக்குத் துணி குவியும் அறைக்கு மாற்றினார். அவ்வளவு தூசி மற்ற எந்த அறையிலும் இல்லை.

இதையெல்லாம் தாங்கிக்கொண்ட நவமணி, மகளின் நிச்சயதார்த்தத்தில்தான் உடைந்துபோனாள்.

மாப்பிள்ளை சுரேன், சித்தியவான் ஊர்ப் பையன். தங்கமான பிள்ளை. குருக்கள் லக்னப் பத்திரிகை வாசிக்கும்போது, சபை நடுவில், நவமணி தும்மினாள். வாசிப்பு நின்றது. சுரேனின் அத்தை வீரம்மா எல்லோருக்கும் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தார்கள். தாய் இல்லாத சுரேனைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவர் அந்த அத்தை. கெட்டவர் இல்லை. பயந்தவர். கிளம்பும்போது நவமணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. இவன் அம்மாவுக்குத் தாலி கட்டுறப்ப யாரோ தும்மிட்டாங்க. மூணு வருசத்துல அவ போயிட்டா. அன்னைக்கு மட்டும் பாத்துக்குங்க லா."

அன்று யார் கண்ணிலும் படாமல் ஒதுங்கிவிடவும் வழியில்லை. அப்பா மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைக்க, அம்மா தண்ணீர் ஊற்றித் தாரை வார்க்க வேண்டும். ஊருக்கெல்லாம் லேட்டாகப் போனவள் தன் மகள் கல்யாணத்துக்கும் லேட்டாகப் போக முடியுமா?

அதனால்தான் வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் மூக்குக்காக அரசாங்க கிளினிக்கில் வரிசையில் உட்கார்ந்தாள். அதுவரை மருந்துக் கடை மஞ்சள் மாத்திரைதான். போட்டால் தும்மல் குறையும், தூக்கம் வரும்.

டாக்டர் மாதுமை மகள் வயதுப் பெண். பொறுமையாக விளக்கினாள். இது சளியும் இல்லை, சகுனமும் இல்லை, ஒவ்வாமை. பழைய மெத்தையிலும் போர்வையிலும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் வாழ்கின்றன. அவற்றின் கழிவு தூசியோடு கலந்து மூக்குக்குள் போகிறது. அது ஒன்றும் செய்யாத தூசிதான். ஆனால் சிலருடைய உடம்பு அதை எதிரி என்று நினைத்து, அதைப் பிடிப்பதற்கென்றே ஒரு புரதத்தைத் தயாரித்து, மூக்கின் உள்தோலில் இருக்கும் காவல் செல்களின் மேல் ஒட்டி வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை தூசி வந்ததும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுகின்றன. அரிப்பு, தும்மல், தண்ணீர் எல்லாம் அதனால்தான்.

"அதோட முடியாது ஆண்ட்டி," என்றாள் மாதுமை. "அந்த செல்லுங்க மத்த செல்லுங்களுக்குத் தகவல் அனுப்பும். ஃபேமிலி குரூப்புல ஒருத்தர் காலையில ஒரு சண்டைய எழுதிப் போட்டா, மத்தியானத்துக்குள்ள சொந்தமெல்லாம் வீட்டு வாசல்ல வந்து நிக்குதுல்ல, அந்த மாதிரி. ரத்தத்துலேர்ந்து வேற செல்லுங்க கிளம்பி வரும். நாலஞ்சு மணி நேரம் கழிச்சு மூக்கு மறுபடியும் வீங்கும். அப்போ லேசா புகை பட்டாக்கூடத் தாங்காது."

மஞ்சள் மாத்திரை ஹிஸ்டமினை மட்டும்தான் தடுக்கும். தகவல் போவதையே குறைக்க வேறு மருந்து என்று மூக்கில் அடிக்கும் ஸ்பிரே ஒன்றைக் கொடுத்தாள். தும்மல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் அடிக்க வேண்டும், உள்தோல் அடங்கச் சில வாரங்கள் ஆகும் என்று சொன்னாள். நவமணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்து அந்தக் குப்பியைக் கையில் வைத்துப் பார்த்தாள். சின்னக் குப்பி. கிளினிக்குக்கு மறுபடி வரச் சொன்ன தவணைத் தேதி கல்யாணத்துக்கு அப்புறம். தினமும் அடித்து, கல்யாணத்துக்கு முன்னாலேயே தீர்ந்துபோனால்? நல்ல சேலையை நல்ல நாளுக்கென்று எடுத்து வைத்துப் பழகிய கை அது. நல்ல தட்டும் நல்ல சென்ட்டும்கூட அந்த வீட்டில் விசேஷ நாளுக்குத்தான் வெளியே வரும். இவ்வளவு நல்ல மருந்தை அழுக்குத் துணி அறையில் வீணாக்குவதா? பட்டுச் சேலையின் மடிப்புக்குள் குப்பியை வைத்து அலமாரியைப் பூட்டினாள். அந்த ஒரு நாள் தும்மாமல் இருந்தால் போதும் தாயே என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டாள்.

வைகாசியில் கல்யாணம். அன்று விடியற்காலையில் பாகான் செராயிலிருந்து சதாசிவத்தின் சொந்தங்கள் வந்து இறங்கினார்கள். வயதானவர்கள், பயணக் களைப்பு, கொஞ்சம் சாய வேண்டும். கல்யாண வீட்டுக்காரி பார்த்துக்கொண்டு நிற்பாளா? அலமாரி மேல் கிடந்த பழைய பஞ்சு மெத்தைகளை இழுத்துப் போட்டு, தட்டி, விரித்துக் கொடுத்தாள். அங்கேயே தும்மல் பிடித்துக்கொண்டது. மஞ்சள் மாத்திரையைப் போட்டாள். அடங்கியது. இன்றைய பங்கு இதோடு முடிந்தது என்று அவளுக்கு ஒரு நிம்மதி. குளித்துப் பட்டுக் கட்டி, குப்பியைத் திறந்து இரண்டு மூக்கிலும் ஸ்பிரேயை அடித்தாள். அதுதான் அவள் அடித்த முதல் மருந்து.

கோயில் மண்டபம் நிறைந்திருந்தது. மணவறையில் புனிதா உட்கார்ந்திருந்த அழகை நவமணி கண்ணெடுக்காமல் பார்த்தாள். குருக்கள் ஓமத்தில் நெய் விட்டார். புகை எழுந்தது. அது எல்லோர் பக்கமும்தான் போனது. மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். நவமணியின் மூக்கு மெதுவாக, உள்ளிருந்து, ஒரு கதவைச் சாத்துவது போல அடைத்தது. டாக்டர் சொன்ன சொந்தமெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. அதைத் திருப்பி அனுப்ப அவளிடம் ஒன்றும் இல்லை.

முதல் தும்மலை முந்தானைக்குள் அடக்கினாள். இரண்டாவதை அடக்க முடியவில்லை. மந்திரம் நின்றது. முதல் வரிசையில் வீரம்மா கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் ஏதோ வேண்டின. மூன்றாவது, நான்காவது. மேளக்காரர் குருக்களைப் பார்த்தார். குருக்கள் சதாசிவத்தைப் பார்த்தார். சதாசிவம், ஒரு நாளும் மனைவியைக் கடிந்து பேசாதவர், குனிந்து அவள் காதோரம் சொன்னார்.

"மணி, கொஞ்சம் வெளிய போய் மூஞ்சி கழுவிட்டு வந்துரு. நான் குருக்களைக் கொஞ்சம் நேரம் தள்ளச் சொல்றேன்."

அவள் எழுந்தாள். புனிதா தலை நிமிரவில்லை. அது ஒன்றுதான் அவள் கண்ணில் பட்டது.

சமையல் கட்டுக்குப் பின்னால் ஒரு குழாய். முகத்தைக் கழுவினாள். தும்மினாள். இடுப்பில் செருகியிருந்த குப்பியை எடுத்து மறுபடி அடித்தாள், மறுபடி அடித்தாள். மருந்து தொண்டையில் கசப்பாக இறங்கியது. மூக்கு திறக்கவில்லை. கண்ணிமை வீங்கி உலகமே கலங்கித் தெரிந்தது. மண்டபத்துக்குள் போகலாம் என்று இரண்டு முறை படியில் கால் வைத்தாள். இரண்டு முறையும் தும்மல் பிடித்து இழுத்தது.

முகூர்த்தம் யாருக்காகவும் காத்திருக்காது. உள்ளே என்ன நடந்தது என்று பிறகு சொன்னார்கள். நேரம் முடியப்போகிறது என்று குருக்கள் சொல்லவும், சதாசிவத்தின் தம்பி பத்துமலையையும் அவர் மனைவி கலாதேவியையும் தம்பதியாக மணவறைக்கு அழைத்திருக்கிறார்கள். கலாதேவி வரமாட்டேன் என்று அழுதிருக்கிறாள். தம்பதியாகத்தான் தாரை வார்க்க வேண்டும், வேறு வழி இருக்கவில்லை. பத்துமலை புனிதாவின் கையைப் பிடிக்க, கலாதேவி தண்ணீர் ஊற்றினாள். பெற்ற அப்பா பக்கத்தில் கை கட்டி நின்றார்.

கெட்டிமேளம் கொட்டியபோது நவமணி குழாயடியில் இருந்தாள். குழாயை மூட வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் கலாதேவி தேடி வந்து அவள் காலடியில் உட்கார்ந்தாள். "அக்கா, என் கையே எரியுது" என்றாள். நவமணி அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். யாரைக் கோபித்துக்கொள்வது? சொல்லி அழக்கூட ஒரு எதிரி இல்லாத துக்கம் அது. உடம்பு ஒரு தூசியை எதிரி என்று நினைத்தது, அவ்வளவுதான்.

அடுத்த தவணைக்குப் போனபோது மாதுமை குப்பியைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, நிறைய மிச்சம் இருக்கிறதே என்று கேட்டாள். நவமணி நடந்ததைச் சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தினமும் அடிங்க ஆண்ட்டி என்று மட்டும் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

நவமணி தினமும் அடித்தாள். சதாசிவம் பழைய மெத்தைகளைத் தூக்கி எறிந்தார். வாரங்கள் போகப் போக மூக்கு அடங்கியது. அழுக்குத் துணி அறையில் தும்மாமல் ஒரு காலைப் பொழுதைக் கழித்த அன்று, துணி மூட்டையின் மேல் உட்கார்ந்து அழுதாள். வீட்டில் நல்ல காரியம் எல்லாம் முடிந்த பிறகு வந்த அந்தச் சுகத்தை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆடி பிறந்ததும் புனிதாவையும் சுரேனையும் அழைத்து வந்தார்கள். வீரம்மாவும் வந்தார். ஆரத்தி எடுக்கச் சொல்லி அவரே தட்டைச் சம்பந்தியின் கையில் கொடுத்தார். சூடம் புகைந்தது. நவமணி தும்மவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

சாப்பிட்டு முடித்து ஆண்கள் கூடத்தில் படுத்திருந்தார்கள். அடுப்படியில் தாயும் மகளும் தனியாக. வெகுநாளாக மனதில் கிடந்ததை நவமணி பாத்திரம் துலக்கியபடியே கேட்டாள்.

"ஏன்மா, சித்தி தாரை ஊத்தினப்போ தண்ணி ரொம்ப சில்லுன்னு இருந்திச்சா?"

புனிதா துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"தெரியலம்மா. நான் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன், நீங்க வந்துருவீங்கன்னு."