பின்கதவில் வடிந்த சொட்டு

செவ்வாய்க்கிழமை காலை பட்டறையில் ஒரு பழைய பிக்கப் வண்டியின் பானெட்டுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். மெஷின் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லை. நிறுத்திப் பார்த்தபோது மல்லிகா அண்ணியிடமிருந்து மூன்று அழைப்புகள். திரும்பக் கூப்பிட்டேன். "உங்க அண்ணன் போயிட்டாருபா" என்றார். எத்தனை மணிக்கு, எந்த டாக்டர் இருந்தார் என்று கேட்டுக்கொண்டே போனேன், கேட்டால் ஏதோ மாறிவிடும் என்பதுபோல. "வாபா" என்றார் அண்ணி.

ஐயம்பேட்டை கோதண்டம் அண்ணனை உங்களில் பலருக்குத் தெரியும். இந்த ஊரின் பழைய வண்டிகள் பலவற்றின் மேல் இருப்பது அவர் அடித்த பெயிண்ட். நான் டிப்ளமோ முடித்துப் பட்டறை திறந்தபோது பெயிண்டராக வந்தார். தகரம் தட்டிப் பட்டி பூசுவது என் வேலை, ஸ்ப்ரே கன் அவருடையது. ஐந்து வருடம் சேர்ந்து வேலை செய்தோம். தினமும் சண்டை போட்டோம்.

அந்த பிக்கப், ஒரு பட்டுக்கடைக்காரரின் அப்பா அந்தக் காலத்தில் சேலை மூட்டை ஏற்றிய வண்டி. கடைக்காரர் நிறத்துக்கு மாதிரியாக ஒரு சேலைத் துண்டைக் கொடுத்தார். கலர் ஸ்கேனரை வைத்தேன். ஒருமுறை நீலம் என்றது, ஒருமுறை அரக்கு என்றது. மெஷின் விற்றவனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அண்ணன் துண்டை வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பினார். "நெடுக்க ஓடுற பாவு ஒரு கலரு, குறுக்க ஓடுற ஊடை ஒரு கலரு. காஞ்சிபுரத்துல பொறந்துட்டு இது தெரியலியா இன்ஜினியரே? மெஷினை ஏன்பா திட்டிக்கினு இருக்கிற?" பட்டறையே சிரித்தது. கடைக்காரர் கடைசியில் அரக்கு போதும் என்றார்.

பெரிய சண்டை மாஸ்க்குக்காகத்தான். இப்போதைய பெயிண்ட் இறுகுவதற்காகக் கலக்கும் ஹார்ட்னர் நுரையீரலைத் தின்றுவிடும். டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. ஃபில்டர் வைத்த மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன். அதை ஆணியில் மாட்டிவிட்டுத் தன் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டார், அதுவும் மூக்குக்குக் கீழே. "மூக்க மூடிக்கினா தின்னர் தூக்கலா கம்மியான்னு எப்பிடிபா தெரியும்?" அளவு டம்ளர் இருக்கிறதே என்றேன். "டம்ளருக்கு இன்னிக்கி வெயில் எவ்ளோன்னு தெரியுமா?" என்றார். மோந்து பார்த்து அவர் கலந்தது ஒருநாளும் தப்பியதில்லை. அதனால்தான் என்னால் ஜெயிக்க முடியவில்லை.

ஒருநாள் கோபத்தில், "மாஸ்க் போடாம கன்னைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரம் வரவில்லை. பிக்கப் பாதியில் நின்றது. நானே வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். மாஸ்க் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு வேலை முடிய வேண்டியிருந்தது.

அவர் கடைசியாக அடித்தது அந்த வண்டியின் பின்கதவு. நடுவில் இருமல் பிடித்தது. கை நின்ற இடத்தில் பெயிண்ட் திரண்டு வடிந்தது. "இன்னாண்ணே, வடிஞ்சிடுச்சு! பாத்து அடிக்கக்கூடாதா?" என்று கத்தினேன். "இருமல் நிக்கலபா. காஞ்சதும் தேய்ச்சிக்கலாம்" என்றார். ஐந்து வருடத்தில் அவர் கையிலிருந்து ஒரு சொட்டு வடிந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் என் கண்ணில் பட்டது பெயிண்ட்தான், அவர் இல்லை.

மூன்றாம் நாள் மருத்துவமனையில் சேர்த்தோம். டாக்டர் நுரையீரல் படத்தைக் காட்டிச் சொன்னது எல்லாம் எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? அண்ணன் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருந்தது. அதை விரலால் தட்டிக் காட்டி, "இப்போ சந்தோசமா இன்ஜினியரே?" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். நழுவிய மாஸ்க் பட்டையை இழுத்துச் சரிசெய்தேன்.

காரியம் முடிந்ததும் கடைக்காரர் வந்தார். வண்டியைச் சுற்றித் தடவிக்கொண்டே வந்தவரின் விரல் பின்கதவில் நின்றது. "இது ஒண்ணு மட்டும்பா" என்றார். இருக்கட்டும் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் அண்ணனே என்னைத் திட்டியிருப்பார். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். அரக்குத் தண்ணீர் வழிந்து தரையில் ஓடியது. பாலிஷ் போட்டதும் எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை.

கைக்குட்டையை அண்ணி கொண்டுபோய்விட்டார். எனக்கு மிச்சம் ஆணியில் தொங்கிய அந்த மாஸ்க். உள்ளே ஒரு வியர்வைக் கறைகூட இல்லை. இப்போது கன் என் கையில், மாஸ்க் என் முகத்தில். அவர் சொன்னது சரிதான், மாட்டினால் ஒரு வாசனையும் வருவதில்லை. டம்ளரில் இரண்டு முறை அளக்கிறேன். அதற்குப் பிறகும், தின்னர் தூக்கலா கம்மியா என்று கேட்கத் திரும்புகிறேன்.